அலியோட்டோஸ்: எட்டாம் எண் மீன் கடையின் 97 வருடக் கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு எங்கள் வீட்டில் என்னுடையது. கோல்டன் கேட் பாலத்தைப் பார்த்து முடித்ததும் அடுத்து நேராக ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப் என்கிற மீனவர் துறை. அங்கே டெய்லர் தெருவும் ஜெஃபர்சன் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த கடல் உணவு விடுதிதான் அலியோட்டோஸ். 1925-இல் தொடங்கி ஒரே குடும்பத்தின் கையில் இருந்து, 2022-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. திறந்திருந்த காலத்தில் விருந்தினர்களை உள்ளே கூட்டிப் போவேன். மூடிய பிறகு அந்த முனையில் நின்று கதை சொல்கிறேன். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

இதை யார் தொடங்கினார்கள்?

நுன்சியோ அலியோட்டோ. இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். 1925-இல் துறையின் எட்டாம் எண் இடத்தில் ஒரு மீன் கடை போட்டார். அங்கே கடைகளுக்கு வரிசையாக எண் உண்டு. கடைசிவரை அலியோட்டோஸின் விலாசம் ‘எண் 8, ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப்’ என்றே இருந்தது.

விலைக்கு மீன் போடுவதுதான் தொழில். அதோடு, துறையில் வேலை பார்த்த இத்தாலியத் தொழிலாளிகளுக்கு மத்தியானச் சாப்பாடும் கொடுத்தார். மூட்டை தூக்குகிறவர், வலை தைக்கிறவர், படகு பழுது பார்க்கிறவர் என்று பசியோடு வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ஊர்ச் சாப்பாடு வேண்டும், அதுவும் கைக்கெட்டிய விலையில் வேண்டும். கடல் உணவு விடுதி என்று பின்னாளில் பெயரெடுத்ததற்கு விதை இந்த மத்தியானச் சாப்பாடுதான்.

மீன் கடை எப்படி உணவகம் ஆனது?

ஒரே நாளில் ஆகவில்லை. 13 வருடம் பிடித்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியே இந்த மெதுவான வளர்ச்சிதான்.

1925-இல் வெறும் மீன் கடை. 1932-இல் நுன்சியோ அந்தக் கடையோடு ஒரு கடல் உணவு மேடையைச் சேர்த்து, தெருமுனையில் கட்டடம் எழுப்பினார். மேடை என்றால், நின்றபடியோ ஸ்டூலில் உட்கார்ந்தோ நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகிற இடம். அங்கே கிடைத்தது நண்டு காக்டெய்லும் இறால் காக்டெய்லும். காக்டெய்ல் என்றதும் மதுவை நினைத்துக்கொள்ள வேண்டாம். வேகவைத்து ஓடு நீக்கிய நண்டுச் சதையை ஒரு கிண்ணத்தில் போட்டு, மேலே தக்காளியும் காரமும் சேர்ந்த சாஸை ஊற்றித் தருவார்கள். கையில் வாங்கிக்கொண்டு நடந்தபடியே சாப்பிடலாம். 1938-இல்தான் முழுச் சமையலறை வந்தது. அந்த வருடம்தான் அலியோட்டோஸ் உணவகம் என்று முறையாகத் திறந்தார்கள்.

ஆனால் அந்தத் திறப்பு நாளைப் பார்க்க நுன்சியோ இல்லை. 1933-இலேயே எதிர்பாராமல் இறந்துவிட்டார்.

அப்படியானால் உணவகத்தை உண்மையில் கட்டியது யார்?

அவர் மனைவி ரோஸ். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

1933 என்பது அமெரிக்காவில் பெருமந்தம் உச்சத்தில் இருந்த காலம். நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் மூன்று பிள்ளைகளோடு நின்றார் ரோஸ். கடையை விற்றுவிட்டு உறவுக்காரர் வீட்டில் ஒதுங்குவதுதான் அன்று எல்லோரும் எதிர்பார்த்திருக்கக்கூடியது. அவர் கடையை எடுத்து நடத்தினார். அந்தத் துறையில் வேலை பார்த்த முதல் பெண் அவர்தான் என்று குடும்பம் சொல்லிவந்திருக்கிறது.

நம் ஊர்க் கடற்கரையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தியின் கனம் உடனே பிடிபடாது. நமக்கு மீன் விற்பது என்றாலே கூடையோடு வரும் மீன்காரம்மாதான். கரைக்கு வந்த மீனுக்கு விலை பேசுவதும் கடன் கொடுப்பதும் வாங்குவதும் அவர்கள் ஆட்சி. சான் பிரான்சிஸ்கோ துறை அப்படி இல்லை. படகிலும் ஆண்கள், கரையிலும் ஆண்கள், கடை மேடைக்குப் பின்னாலும் ஆண்கள். பெண்கள் வீட்டிலும் கோயிலிலும் இருந்தார்கள். அந்த இடத்தில், விடிவதற்கு முன் வந்து படகுக்காரர்களிடம் மீன் எடுத்து, தரம் பார்த்து, விலை பேசி, வாடிக்கையாளருக்கு எடை போட்டுக் கொடுத்து, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துப் பழக்கி, ஐந்தே வருடத்தில் சமையலறையும் கட்டி முடித்திருக்கிறார் ஒரு விதவைத் தாய்.

நேரமும் கூடி வந்தது. 1936-இல் வளைகுடாப் பாலம் திறந்தது. 1937 மே மாதம் கோல்டன் கேட் பாலம் திறந்தது. 1939-இல் வளைகுடாவின் நடுவே டிரெஷர் தீவில் உலகக் கண்காட்சி. வெளியூர்க் கூட்டம் வந்து குவிந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே ரோஸின் அடுப்பு தயாராகிவிட்டது. அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம். நான் அவர் கணக்கு என்றுதான் சொல்வேன். பாலங்கள் எழும்புவதை வருடக்கணக்கில் தினமும் அந்தக் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

பேரப்பிள்ளைகள் வாயில் அவர் ‘நொன்னா ரோஸ்’. நொன்னா என்றால் இத்தாலியில் பாட்டி. பின்னாளில் அலியோட்டோஸின் பக்கத்திலேயே அதே பெயரில் சிறிய உணவகம் ஒன்றையும் குடும்பம் நடத்தியது.

சிசிலிக்காரர்கள் ஏன் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தார்கள்?

முதலில் வந்தவர்கள் சிசிலிக்காரர்கள் அல்ல. 1849-இல் தங்க வேட்டைக் காலத்தில் வடக்கு இத்தாலியின் ஜெனோவாப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். தங்கத்தைவிட மீன் நிச்சயமான வருமானம் என்று சீக்கிரமே கண்டுகொண்டவர்கள். முக்கோணப் பாய் கட்டிய ஃபெலூக்கா என்ற சிறு படகுகளைத் தங்கள் ஊர் முறைப்படியே இங்கே செய்துகொண்டு வளைகுடாவுக்கு வெளியே போய்ப் பிடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிசிலிக்காரர்கள் வரத் தொடங்கி, மெல்ல மெல்லத் துறையே அவர்கள் கைக்கு வந்தது. போர்ட்டிச்செல்லோ, இசோலா டெல்லே ஃபெம்மினே போன்ற சின்னச் சின்ன மீனவ ஊர்களிலிருந்து அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பாய் போய் இயந்திரம் வந்ததும் மான்டரே படகு என்று பெயர் பெற்ற சிறு படகுகள் வந்தன. அவற்றில் சில இன்றும் துறையில் கட்டிக் கிடக்கின்றன. நீலமும் வெள்ளையுமாகச் சாயம் பூசி அழகாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் இவர்களைப் பாதித்ததா?

நிறையவே. அமெரிக்கர்களிலேயே பலருக்குத் தெரியாத விஷயம் இது.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும், குடியுரிமை வாங்காத இத்தாலியர்கள் ‘எதிரி நாட்டவர்’ ஆனார்கள். நாடு முழுக்க சுமார் 6 லட்சம் பேர். கலிபோர்னியாவில் கடற்கரையை ஒட்டிய பகுதிகளுக்குப் போக அவர்களுக்குத் தடை. மீன் பிடிப்பதே தொழிலானவனைக் கரைப் பக்கம் வராதே என்றால் என்ன ஆவது? பெரிய படகுகள் சிலவற்றைக் கடற்படை எடுத்துக்கொண்டது.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஜோ டிமாஜியோ குடும்பம். 1941-இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் பந்தை அடித்துச் சாதனை படைத்த பேஸ்பால் வீரர் ஜோ. நாடே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அவர் பெயரில் குடும்பம் நடத்திய உணவகம் இதே துறையில் 1937 முதல் இருந்தது. அப்பா ஜூசெப்பே பல வருடம் இந்தத் துறையிலிருந்து கடலுக்குப் போன மீனவர். ஆனால் குடியுரிமை இல்லாததால், அந்த அப்பா மகன் பெயரில் இருந்த உணவகத்துக்குள் கால் வைக்க முடியாமல் போனது. 1942 அக்டோபர் 12 அன்று இத்தாலியர்கள் மீதான கட்டுப்பாடுகளை விலக்குவதாக அறிவித்தார்கள். சில மாதம்தானே என்று சொல்லிவிடலாம். கடலை மட்டுமே நம்பிய வீட்டுக்கு அந்தச் சில மாதம் என்பது நண்டு, சால்மன் எல்லாம் சேர்ந்தது.

துறையின் நடைபாதையில் விற்கும் நண்டில் அப்படி என்ன விசேஷம்?

அது டன்ஜனஸ் நண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் டன்ஜனஸ் என்ற ஊரின் பெயர். நம் ஊர் நீல நண்டை விடத் தடிமனான ஓடு, காலில் கூட நிறையச் சதை, லேசான இனிப்பு. ஒரு நண்டு சாதாரணமாக 2 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 900 கிராம் இருக்கும்.

என் மாமனார் தூத்துக்குடிக்காரர். முதன்முதலாக அவரை இங்கே கூட்டி வந்தபோது, உணவகங்களுக்கு வெளியே நடைபாதையில் ஆவி பறக்கும் அண்டாக்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த நண்டுகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரரிடம் சைகையில் கேட்டு ஒன்றை எடுத்து மல்லாத்தினார். அடுத்தது, அதற்கடுத்தது என்று நாலு நண்டைத் திருப்பிப் பார்த்தார். “என்ன மாப்ள, ஒரு பொட்டை நண்டு கூட இல்லையே?” என்றார்.

நான் அத்தனை முறை அங்கே போயிருந்தும் கவனித்ததே இல்லை. வயிற்றுப் பக்கத்து மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். அங்கே இருந்த அத்தனையும் ஆண். கடைக்காரரிடம் கேட்டோம். கலிபோர்னியா சட்டப்படி தொழில்முறை மீனவர்கள் ஆண் டன்ஜனஸ் நண்டை மட்டும்தான் கரைக்குக் கொண்டு வரலாம், அதுவும் ஓட்டின் அகலம் 6¼ அங்குலமாவது இருக்க வேண்டும் என்றார். பெண் நண்டு கூண்டில் ஏறினால் கடலிலேயே திருப்பி விட்டுவிட வேண்டும். மாமா தலையாட்டிக்கொண்டே, “அப்ப இவங்களுக்குப் பேரன் காலத்துலயும் நண்டு இருக்கும்” என்றார்.

வழக்கமாக நவம்பர் நடுவில் நண்டுக் காலம் தொடங்கும். அமெரிக்கர்கள் நன்றி நவிலல் நாளுக்கு வான்கோழி வைப்பார்கள் என்றால், இந்த ஊர்க்காரர்கள் பலர் வீட்டில் பக்கத்திலேயே நண்டும் இருக்கும். வட்டமான இரும்புச் சட்டக் கூண்டில் இரை வைத்துக் கடலடியில் இறக்கி, மேலே மிதவை கட்டி விடுவார்கள். கூண்டைத் தூக்கும்போது நண்டு உயிரோடு வரும், உயிரோடே அண்டாவுக்குப் போகும். செத்த நண்டு சட்டென்று கெட்டுவிடும் என்பதால் அதில் சமரசமே கிடையாது. உப்புத் தண்ணீரில் 20 நிமிடம் போல வெந்ததும் எடுத்து, மேல் ஓட்டை ஒரே இழுப்பில் பிரித்து, செவுளைச் சுரண்டி எறிந்து, கால்களை மரச்சுத்தியால் ஒரு தட்டு தட்டி, காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். தட்டுவதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. ஓடு விரிசல் விடவேண்டும், சதை நசுங்கக் கூடாது.

சொப்பீனோ அலியோட்டோஸில் பிறந்த உணவா?

பிறக்கவில்லை. மேஜைக்கு வந்தது இங்கிருந்துதான் என்று சொல்லலாம்.

சொப்பீனோ என்பது நண்டு, சிப்பி, மட்டி, இறால், மீன் எல்லாம் தக்காளியிலும் ஒயினிலும் வெந்த ஒரு குழம்பு. பெயர் ஜெனோவாப் பக்கத்து ‘ச்சுப்பின்’ என்ற மீன் சூப்பிலிருந்து வந்தது. ஜெனோவாக்காரர்கள் முதலில் வந்தார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, அவர்கள் கொண்டு வந்த பெயர். ஊரில் அதை மசித்து வடிகட்டிச் செய்வார்கள். இங்கே நண்டும் சிப்பியும் மலிந்து கிடந்ததால் ஓட்டோடு முழுசாகப் போட ஆரம்பித்தார்கள். ரோஸின் சமையலறை அதை உணவகப் பட்டியலில் ஏற்றிப் பிரபலமாக்கியது. ஆக, ஜெனோவாப் பெயர், கலிபோர்னியா நண்டு, சிசிலிப் பாட்டி கைப்பக்குவம்.

ஒரு கதை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். கடலில் ஒன்றும் கிடைக்காமல் வந்த மீனவனுக்காக ஒருவர் பானையோடு சுற்றி வருவாராம், மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மீன் போடுவார்களாம், ‘ச்சிப் இன்’, அதாவது உன் பங்கைப் போடு, என்று ஆங்கிலத்தில் கூவியது சொப்பீனோ ஆனதாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊரிலிருந்தே அந்தப் பெயர் வந்திருக்கும்போது ஆங்கிலத்தில் தேட வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய முடியுமா?

தாராளமாக. நான் செய்கிற முறை இது. அடிகனமான பெரிய பாத்திரத்தில் ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றி, வெங்காயம், செலரி, நிறையப் பூண்டு போட்டு நிறம் மாறாமல் வதக்க வேண்டும். அப்புறம் மிளகாய்த் துகள், பிரிஞ்சி இலை. ஒரு கோப்பை ஒயின் ஊற்றிப் பாதியாக வற்ற விடலாம். ஒயின் சேர்க்காத வீடுகளில் எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் பிழியலாம், ருசி கொஞ்சம் மாறும், கெடாது. பழுத்த தக்காளியை நசுக்கிப் போட்டு, மீன் எலும்பு வேகவைத்த தண்ணீரையும் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்க வேண்டும். இந்த அரை மணி நேரத்தில் அவசரப்பட்டால் பச்சைத் தக்காளி வாசம் போகாது.

அதற்குப் பிறகு எல்லாமே வரிசைதான். முதலில் சிப்பி, மட்டி. அவை வாய் திறக்க ஆரம்பித்ததும், முன்பே வேகவைத்து உடைத்த நண்டு. கடைசி நாலைந்து நிமிடத்தில் மீன் துண்டும் இறாலும். மீன் போட்ட பிறகு கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. பாத்திரத்தைப் பிடித்து ஆட்டினால் போதும். நம் வீட்டு மீன் குழம்புக்குச் சொல்லிக் கொடுத்த அதே பாடம். வாய் திறக்காத சிப்பியை எடுத்து எறிந்துவிடுங்கள். இதற்குத் துணை இந்த ஊர்ப் புளித்த மாவு ரொட்டி. அடியில் தேங்கிய குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதில்தான் முழுத் திருப்தி. கையில், சட்டையில் எல்லாம் சிந்தும். உணவகங்களில் கழுத்தில் கட்டத் துணியே தருவார்கள்.

துறையின் முதல் உணவகம் இதுதானா?

இல்லை. பக்கத்திலேயே ஒன்பதாம் எண்ணில் இருந்த ஃபிஷர்மேன்ஸ் க்ராட்டோ 1935-இல் திறந்தது, உட்கார்ந்து சாப்பிடும் முழு உணவகம் அதுதான் முதலில் என்பார்கள். நண்டு காக்டெய்லை 1916-இலேயே காஸ்டன்யோலா குடும்பம் விற்கத் தொடங்கிவிட்டது என்றும் சொல்வார்கள். அடுத்தடுத்த வாசல்களில் அடுத்தடுத்த இத்தாலியக் குடும்பங்கள், எல்லோருக்கும் அதே படகு, அதே நண்டு. போட்டியும் உறவும் கலந்து கிடந்த தெரு.

சான் பிரான்சிஸ்கோ மேயராக இருந்த அலியோட்டோ இந்தக் குடும்பமா?

ஜோசப் அலியோட்டோ, 1968 முதல் 1976 வரை மேயர். அதே பெரிய சிசிலிக் குடும்பத்தின் இன்னொரு கிளை. அவர் அப்பாவுக்கும் மீன் வியாபாரம்தான். 1906 நிலநடுக்கத்தைத் தொடர்ந்து ஊர் பற்றி எரிந்தபோது தப்பி ஓடிய மீன்பிடிப் படகு ஒன்றில்தான் அப்பாவும் அம்மாவும் முதன்முதலில் சந்தித்தார்கள் என்பது அந்த வீட்டுக் கதை.

உள்ளே எப்படி இருந்தது?

மாடியில் சாப்பாட்டுக் கூடம். ஜன்னலோர மேஜை கிடைத்தால் கீழே படகுகள் கட்டியிருக்கும் குளம் போன்ற நீர்ப்பரப்பு, தள்ளி கோல்டன் கேட் பாலம். சாயங்காலம் மூடுபனி இறங்கும்போது பாலத்தின் கால்கள் மறைந்து தலை மட்டும் தெரியும். வெள்ளை விரிப்பு, கொஞ்சம் பழைய பாணி. பரிமாறுகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். என் மாமியார் எலும்பு எடுக்கத் தெரியாமல் விழிப்பார் என்று நினைத்தோ என்னவோ, நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்து அவருடைய மீனைத் தட்டிலேயே இரண்டு கரண்டியால் முதுகெலும்பு பிரித்துக் கொடுத்தார். மாமியாருக்கா தெரியாது? ஆனாலும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். “அவர் எவ்வளவு மரியாதையா செஞ்சார்” என்று ஊருக்குப் போயும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிந்தைய தலைமுறை சிசிலிச் சமையலை இன்னும் அழுத்தமாகக் கொண்டு வந்தது. குடும்பத்தில் ஒருவர், ஒயின் தேர்ந்து பரிமாறும் நிபுணர்களுக்கான மிகக் கடினமான மாஸ்டர் சொம்லியே பட்டமும் பெற்றார். தொழிலாளிக்கு மத்தியானச் சாப்பாடு போட்ட கடை அத்தனை தூரம் வந்திருந்தது.

உள்ளூர்க்காரர்கள் அங்கே சாப்பிட மாட்டார்களாமே?

அப்படி ஒரு பேச்சு உண்டு, முழுப் பொய்யும் இல்லை. 1978-இல் பக்கத்தில் பியர் 39 (பியர் என்றால் கடலுக்குள் நீளும் துறைமேடை) வணிக வளாகம் வந்த பிறகு துறை முழுக்கச் சுற்றுலாப் பயணிகள் நடமாட்டம் ஆனது. விலை ஏறியது, தொப்பி விற்கும் கடைகள் பெருகின. ஆனால் இத்தாலியக் குடும்பங்கள் பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் அலியோட்டோஸுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. பக்கத்து மேஜையில் மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். சுற்றுலாப் பயணி வருகிறார் என்பதால் ஒரு சமையலறை பொய்யாகிவிடாது. கோல்டன் கேட் பாலம் திறந்த அடுத்த வருடத்திலிருந்தே வெளியூர்க்காரருக்குச் சமைத்த கடை அது.

கட்டடம் குடும்பத்துக்குச் சொந்தமா?

நிலம் சொந்தமில்லை. சான் பிரான்சிஸ்கோவின் கரையோர நிலம் பொதுமக்களுக்கான அறக்கட்டளைச் சொத்து. மாநில அரசிடம் இருந்ததை 1968-இன் பர்ட்டன் சட்டத்தின் வழியாக நகரத்திடம் ஒப்படைத்தார்கள். துறைமுக நிர்வாகம்தான் வீட்டுக்காரர், உணவகங்கள் எல்லாம் குத்தகைதாரர்கள். எத்தனை தலைமுறை நின்றாலும் காலடி மண் வாடகைதான். கரையோரக் குடும்ப உணவகங்களைப் பற்றிப் பேசும்போது பலரும் ருசியைப் பேசுவார்கள், குத்தகையைப் பேச மாட்டார்கள். பின்னதுதான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் மூடியது. திரும்பத் திறக்கவே இல்லை. 2022-இல் நிரந்தரமாக மூடுவதாகக் குடும்பம் அறிவித்தது. 97 வருடம்.

வெளியூர்க் கூட்டத்தை நம்பிய மாடிக் கூடத்துக்கு, விமானம் நின்ற வருடத்தில் என்ன வழி? ஆனால் அதற்கு முன்பே துறை அடி வாங்கிக்கொண்டிருந்தது. 2015-இல் கடல் சூடேறி நச்சுப்பாசி பெருகி, நண்டில் டோமோயிக் அமிலம் என்ற விஷம் ஏறியது. நவம்பரில் தொடங்க வேண்டிய காலம் 2016 மார்ச் கடைசியில்தான் தொடங்கியது. நண்டு இல்லாத நன்றி நவிலல் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு. அதன் பிறகு நண்டுக் கூண்டுக் கயிறுகளில் திமிங்கிலங்கள் சிக்குவதைத் தடுக்க, காலம் தொடங்குவதையே பல வருடம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். திமிங்கிலத்தைக் காப்பாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தச் சுமை முதலில் இறங்குவது சிறு படகுக்காரன் தலையில் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 மே 23 அன்று பியர் 45-இல் பெரிய கிடங்கு ஒன்று தீப்பிடித்து எரிந்தது. உள்ளே அடுக்கி வைத்திருந்த ஆயிரக்கணக்கான நண்டுக் கூண்டுகள் போயின.

சிலர் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லாமல் போய்விட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. விடியற்காலையில் எழுந்து, வாரம் முழுக்க, எல்லாப் பண்டிகை நாளும் பிறருக்குப் பரிமாறியபடி தொண்ணூறு வருடத்துக்கு மேல் நின்ற குடும்பம் அது. போதும் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

இப்போது துறைக்குப் போனால் அந்தப் பழைய வாழ்க்கையில் எதைப் பார்க்கலாம்?

1965-இல் ஆறு ஸ்டூல் போட்ட காப்பிக் கடையிலிருந்து வளர்ந்த ஸ்கோமாஸ் உணவகம் பியர் 47-இல் இருக்கிறது. நல்ல சொப்பீனோ கிடைக்கும். படகுகளுக்குப் பக்கத்தில் மீனவர்களுக்கும் மாலுமிகளுக்குமான சிறு நினைவுக் கோயில் ஒன்று இருக்கிறது, கடலில் போனவர்களின் பெயர்கள் உள்ளே இருக்கும். அக்டோபர் தொடக்கத்தில் வந்தால், போர்ட்டிச்செல்லோ ஊர்க்காரர்கள் கொண்டு வந்த மடோன்னா டெல் லூமே மாதா திருவிழா. நார்த் பீச் கோயிலிலிருந்து துறைவரை ஊர்வலம் வந்து படகுகளை மந்திரிப்பார்கள். தூத்துக்குடிப் பனிமய மாதா தேரைச் சிறுவயதிலிருந்து பார்த்த என் மாமனார், இங்கே அந்த ஊர்வலத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நண்டு வேண்டுமானால் படகிலேயே வாங்கலாம். சில வருடங்களாக மீனவர்கள் படகிலிருந்து நேராக விற்கத் துறைமுகம் அனுமதிக்கிறது. நண்டுக் காலத்தில் சனி, ஞாயிறு காலையில் சீக்கிரம் போங்கள். ஐஸ் போட்ட பெட்டி ஒன்றும் ரொக்கமும் கையில் இருக்கட்டும். உயிரோடு முழுசாகத்தான் தருவார்கள், சுத்தம் செய்வது உங்கள் வேலை. காலைத் தூக்கிப் பாருங்கள், துவண்டு தொங்காமல் விறைப்பாகத் துள்ள வேண்டும். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கையில் கனமாக இருப்பதை எடுங்கள்.